மஞ்சள் அட்டை போட்டவர்கள்

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவள் நான். தினமும் ரிஜெக்ட் கணக்கைக் கோடாக வரைந்து காட்ட வேண்டும். கோடு இறங்கினால் அன்றைக்குத் திட்டு இல்லை. அதனால் கல்லூரியில் படிக்கும் மகள் பிராஜெக்ட்டுக்கு உதவி கேட்டபோது, இதென்ன பெரிய கம்பசூத்திரமா என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டேன். லட்சம் பேருக்கு எத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள், அது வருஷா வருஷம் எப்படி மாறுகிறது என்று நாலைந்து நாடுகளை ஒப்பிட வேண்டும்.

அன்று சேரப்பணஞ்சேரியிலிருந்து தம்பி மனைவியும் வந்திருந்தாள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நடந்த அடிதடியில், விலக்கப்போன என் தம்பியையும் சேர்த்துப் பிடித்துப்போனார்கள். அதன்பிறகு ஒரு பொங்கல் வந்து போய்விட்டது. ஜாமீனும் கிடைக்கவில்லை, விசாரணையும் தொடங்கவில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோடுகளைப் போட்டேன். அமெரிக்கா உயர உயர ஏறி, பிறகு கொஞ்சம் வளைந்து இறங்கியது. நெதர்லாந்தும் இறங்கியது, அங்கே சில சிறைகளையே மூடிவிட்டார்களாம். நம் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"பாத்தியா, நம்ம ஊரு எவ்ளோ தேவலை" என்று பீற்றிக்கொண்டேன்.

மகள் குனிந்து பார்த்தாள். "அம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்க? பாதிக்கு மேல ஆளையே காணோம்."

"விசாரணைக் கைதின்னு தனியா இருந்துதே, அத்தான கணக்குலேந்து தூக்கிட்டேன். அது ஹோல்டு பீஸ் மாதிரிதானே."

எங்கள் லைனில் சந்தேகமான பீஸுக்கு மஞ்சள் அட்டை கட்டி ஓரமாக வைப்போம். நல்லதா கெட்டதா என்று முடிவாகும்வரை அது ரிஜெக்ட் கணக்கில் வராது. அந்தப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது.

மகள் விசாரணைக் கைதிகளைத் திரும்பச் சேர்த்தாள். அப்போதும் நம் கோடு அமெரிக்காவுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் கிடந்த இடத்தை விட்டு எழுந்து ஏறத் தொடங்கியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீர்ப்பே வராமல் உள்ளே கிடப்பவர்கள்தான் நம் சிறைகளில் அதிகமா? சொந்தத் தம்பி அதில் ஒருவனாக இருந்தும் அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. அவனையும்தான் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன்.

தம்பி மனைவி டீ தம்ளரோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த ஹோல்டு பீஸ உங்க கம்பெனில எவ்ளோ நாள் வெச்சிருப்பாங்க?"

"நாளெல்லாம் இல்லம்மா. ஷிப்டு முடியறதுக்குள்ள முடிவு பண்ணிடணும். இல்லன்னா சூப்பர்வைசர் யாரையும் வூட்டுக்கு வுட மாட்டார்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்பெனில மட்டும் எல்லாரும் வூட்டுக்குப் போயிடறாங்க, இல்ல அண்ணி?"

அவள் டீயைக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தாள்.