மலைமேல் எனக்கொரு நாற்காலி

மலைவாழ் மக்கள் பக்கத்திலிருக்கும் சுகாதார நிலையத்துக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கான கேள்வி. அதைத் தேர்ந்தெடுத்தவர் என் நெறியாளர். அவர் கல்வராயன் மலையைக் கீழே நின்றுகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஜனங்கள் வரமாட்டார்கள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியறை பிடித்தேன். வாரத்தில் டாக்டர் வரவேண்டிய நாளன்று முதல் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறுவேன்.

வேலை எளிதுதான். சுகாதார நிலையத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டாக்டர் எப்போது வருகிறார், நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், மருந்து கிடைக்கிறதா என்று குறிக்க வேண்டும். அதற்காகக் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். பிறகு, அங்கே வராதவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். நான் அதிகாரி இல்லை, மாணவி என்று முதல் நாளே நர்ஸிடம் சொன்னேன். "சரிங்க மேடம்" என்று அவர் நாற்காலியைத் துடைத்தார். மறுபடியும் சொன்னேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

அதன்பிறகு நான் கண்டதெல்லாம் பாடப்புத்தகத்தில் மட்டுமே இருக்கிற சுகாதார நிலையம். நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்துவிடுவார். மாத்திரை இருக்கும். பிரஷர் பார்க்கும் கருவி வேலை செய்யும். மரவள்ளிக் காட்டிலிருந்து ஜனங்கள் மண் காலோடு வந்து குவிவார்கள். வராதவர்களைப் பேட்டி எடுக்க வந்த எனக்கு வராத ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை. நெறியாளர் போனில் எரிந்து விழுந்தார். இத்தனை பேருக்கு வைத்தியம் கிடைப்பதைப் பார்த்து வயிறெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அடுத்த வாரம் போனதும், தவறாமல் வருகிற கர்ப்பிணிப் பெண் ஒருத்தி என் எதிரில் வந்து நின்றாள். ஏழு மாதம். முதல் குழந்தையை அதிக பிரஷரால்தான் பறிகொடுத்திருந்தாள். இந்த முறையும் பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது.

"போன வாரம் ஏன்க்கா வரல? நான் வெயில்ல காத்துகினு இருந்துட்டு வூட்டுக்குப் போயிட்டேன். டாக்டரு வரவே இல்ல."

நர்ஸைப் பார்த்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து நான் இறங்கவில்லை என்று தெரிந்ததும், இன்றைக்கு அவசரமில்லை என்று டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாராம். டாக்டரும் பாவம், வேறு ஊர்களையும் சேர்த்துப் பார்க்கிறவர். யாரும் கேட்காத இடத்தைத்தான் முதலில் கைவிடுவார். ஊரும் சளைத்ததில்லை. நான் இறங்கினால் டீக்கடைக்காரர் மேலே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிடுவாராம். கிழமையை நம்பி ஏமாந்த ஜனங்கள் இப்போது என்னை நம்பிக் கிளம்புகிறார்கள்.

விஷயத்தை நெறியாளரிடம் சொன்னேன். நான் உட்கார்ந்தே தரவுகளைக் கெடுத்துவிட்டேன் என்றார். மூட்டை கட்டிக்கொண்டு சின்னசேலம் பக்கம் வேறு இடம் பார்க்கச் சொன்னார். அதைச் சொல்லத்தான் அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாங்க்கா. சும்மா ஒக்காந்துகினு இருங்க. எனக்குக் கொழந்த பொறக்கற வரிக்கும்."

உட்கார்ந்தேன். நெறியாளரிடம் காய்ச்சல் திரும்பிவிட்டது என்று புளுகினேன். ஸ்டாப்வாட்ச்சில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அப்படியே மாட்டிக்கொண்டு போனேன். நடுநடுவே பேனாவை எடுத்து மூடியைத் திறப்பேன். டாக்டர் உடனே அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பல வருஷம் படித்ததில் இவ்வளவு உருப்படியான வேலையை நான் செய்ததே இல்லை.

பிரஷர் இறங்காததால் டாக்டர் அவளை முன்கூட்டியே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. பார்க்கப் போனபோது குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இனி என் வேலை முடிந்தது, நாளைக்கு அறையைக் காலி செய்கிறேன் என்று சொன்னேன்.

அவள் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள்.

"போயிடாதீங்க்கா. எங்க நாத்தனாருக்கு இப்பத்தான் மூணாம் மாசம்."