சிங்களக் கடிதமும் மச்சானின் நோட்டீஸும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

நஸீமா என்னிடம் படித்தவள். அவளுடைய வாப்பா சிங்களவர் அதிகம் வாழும் அம்பாறை டவுனில் கடை வைத்திருந்ததால் சின்ன வயதிலேயே சிங்களம் சரளமாக வரும். கல்முனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு டைப்ரைட்டரை வைத்துத் தொழில் தொடங்கினாள். சிங்களத்தில் வரும் அரசாங்கக் கடிதங்களை வாசித்து விளக்குவாள். பதிலையும் சிங்களத்தில் அடித்துத் தருவாள். தமிழ் மட்டுமே தெரிந்த எங்கள் பக்கத்தில் இதைவிடத் தேவையான தொழில் உண்டா?

ஆனால் ஆளே வரவில்லை.

"சேர், ஊரெல்லாம் நோட்டீஸ் குடுத்தும் ஒருத்தரும் வாறாங்க இல்ல. ஒருக்கா வந்து பாருங்க" என்று சொல்லியனுப்பினாள். போனேன்.

நோட்டீஸை நீட்டினாள். பாதிப் பக்கத்துக்கு அவளுடைய மச்சானின் போட்டோ. புருஷனின் மூத்த சகோதரர், கோட்டும் டையும். அதன் கீழே 'மும்மொழி ஆவணச் சேவை நிலையத்தின் மகத்தான அங்குரார்ப்பணம்'. பிறகு, பட்டங்களோடு பதினொரு பிரமுகர்களின் பெயர்கள். கடை எங்கே? மூலையில், எறும்பு எழுத்தில். கடிதம் வாசித்துத் தருவோம் என்று ஒரு சொல்? கிடையாது. நஸீமாவின் பெயர்? அதுவும் கிடையாது!

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஆதம்பாவா காக்கா உள்ளே வந்தார். நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் செய்கிறவர்; மூத்தவர்களை நாங்கள் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம். ரோட்டிலிருந்து என்னைக் கண்டுதான் வந்தாராம்.

"மாஸ்டர், இந்தக் கடிதாசில என்ன எழுதிக் கிடக்கு? மூணு கிழமையா வெச்சிக்கிட்டுத் திரியிறன்."

எனக்குச் சிங்களம் தெரியாது. நஸீமாவிடம் கொடுத்தேன். வாசித்தவளின் முகம் மாறிவிட்டது.

"காக்கா... உங்கட காணி பெர்மிட் விசாரணைக்கு வரச் சொல்லியிரிக்காங்க."

"எப்ப மகள்?"

"போன செவ்வாக்கிழம."

மனுஷன் அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "வாப்பா காலத்துல இருந்து செய்யிற காணி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டீஸைக் காட்டி, "இது உங்களுக்குக் கிடைக்கலியா?" என்று கேட்டேன்.

"கிடைச்சதுதான். ஆரோ எலெக்‌ஷன் கேக்காராக்கும் எண்டு நினைச்சன்."

சிரிப்பதா, அழுவதா? தினமும் இந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார். கையில் கடிதம், வீட்டில் நோட்டீஸ். இரண்டுமே அவருக்கு விளங்கவில்லை — ஒன்று அவருக்குத் தெரியாத மொழியில், மற்றது அவரை நினைக்காத தமிழில்!

அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'சிங்களத்தில் கடிதம் வந்திருக்கிறதா? கொண்டு வாருங்கள். நஸீமா வாசித்துச் சொல்வார். பதிலும் எழுதித் தருவார். பஸ் நிலையத்துக்கு எதிரே, பச்சைக் கதவு.' அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அதைப் பார்த்துவிட்டு மச்சான் குதித்தார். "பிரமுகர்மாரட பேர எடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க? பொம்புளட பேரப் போட்டா ஊரு என்ன கதைக்கும்?"

நான் வாயைத் திறக்குமுன் நஸீமா முந்திக்கொண்டாள். "கடிதம் வாசிக்கிற நான்தானே மச்சான்? என்ட பேருதான் போகோணும்."

மறுநாளே அவளும் அவள் உம்மாவும் ஆதம்பாவா காக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். காணிக் கந்தோரில் பியோனிலிருந்து பெரிய அதிகாரி வரை அவளே சிங்களத்தில் கதைத்து, வேறு திகதி வாங்கினாள். விசாரணை முடிந்துவிட்டது. பெர்மிட் இன்னும் கைக்கு வரவில்லை; ஆனால் காணி அவர் கையை விட்டுப் போகவுமில்லை.

புது நோட்டீஸ் ஊருக்குள் போனபிறகு, பச்சைக் கதவுக்கு முன்னால் இப்போது காலையிலேயே ஆட்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். தமிழும் அரச மொழிதான் என்று சட்டம் சொல்கிறதே, அது அந்தக் கந்தோர்களின் காதில் விழாதா? நேற்று நஸீமாவிடம் இதைச் சொல்லிக் கொதித்தேன்.

டைப்ரைட்டரிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "அவங்க தமிழில எழுதத் தொடங்கட்டும் சேர்... அண்டைக்கே கடையப் பூட்டிருவன், சந்தோசமா!"