டாக்டர் முன்னால் உட்காராத காளியம்மாக்கா

மலேசியாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர் காளியம்மாக்கா. ஏழு வருஷமாக இடுப்பிலிருந்து கால்வரை தீராத வலி. ஊனமுற்றோர் அட்டை கிடைத்தால் அரசாங்க உதவி வரும் என்று மனுப் போட்டோம்.

சோதனைக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான், அக்காவின் மகன் வயது. நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை. தோட்டத்தில் துரை முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். 'நெடுநேரம் நிற்க முடிகிறது' என்று டாக்டர் எழுதிவிட்டார். மனு தள்ளுபடியானது.

மறுபடி மனுப் போட்டோம். "இந்தத் தடவ உக்காருக்கா. பாவம்னா நான் சாமிகிட்ட பேசிக்கிறேன்லா," என்றேன்.

டாக்டர் வருமுன்பே உட்கார வைத்தேன். அவர் உள்ளே வந்ததும் அக்கா மரியாதைக்கு எழப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்து மூன்று முறை முயன்றும் முடியவில்லை.

"மன்னிச்சிருங்க தம்பி, எந்திரிக்க முடியல," என்று கும்பிட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அட்டை கிடைப்பது உறுதியானது.

பஸ்ஸில் அக்கா முகம் வாடியே இருந்தது.

"இன்னும் என்னக்கா?"

"படிச்ச பிள்ள நிக்கிது, நான் மகாராணியாட்டம் உக்காந்திருந்தேனே. அம்மனுக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்."