சாமி இருக்கிற இடம்

ஜிபிஎஸ் கருவியோடு அலைந்து, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டென்றால் என் பேத்தி மலருக்குப் பைத்தியம். கோப்பெங் பக்கம் நான் ரப்பர் பால்மரம் வெட்டிய பழைய எஸ்டேட்டுக்கு என்னையும் இழுத்துப்போனாள்.

பழைய முனியாண்டி கோயில் படியில் நின்று, ஒளித்தவர் எழுதிய குறிப்பில் உள்ள திசையையும் தூரத்தையும் கருவியில் அடித்தால், டப்பா இருக்கும் இடத்தை அது காட்டிவிடுமாம்.

எஸ்டேட்டை விற்றபோது சாமியை ரோட்டோரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய படி உள்ளே புதருக்குள் கிடக்கிறது.

"அங்க யாரு போறது? சாமி இருக்கிற இடந்தான் கோயிலு. இங்கேருந்தே அடிலா!" என்றேன், ரோட்டோரக் கோயில் முன்னால் நின்று.

அடித்தாள். அம்புக்குறி செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு பச்சை வெளியைக் காட்டியது. திரையைப் பார்த்தபடியே வேகமாக நடந்தாள்.

"மாப்பிள்ள வந்தாகூட இப்படி ஓடமாட்டேடி!"

அப்போதுதான் மாடுகளைக் கவனித்தேன். எல்லாம் ஓரத்தில் காய்ந்த லாலான் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. அத்தனை பச்சைக்குள் ஒன்றுகூட இறங்கவில்லை. காற்று வீசியது. தரையே மெல்ல ஏறி இறங்கியது.

"மலரு, நில்லு!"

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் கால் வைத்த இடத்தில் ஆகாயத்தாமரை விலகி, கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை.

"பாட்டி, இன்னும் உள்ளதான் போகச் சொல்லுது" என்றாள், கருவியைக் காட்டி.

கருவிமேல் தப்பில்லை. நான் நிறுத்திய இடத்திலிருந்து அது சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது.

இப்போதெல்லாம் யாராவது வழி கேட்டால், கை நீட்டுமுன் கொஞ்சம் பயப்படுகிறேன்.