எலிகளும் என் மூத்திரப்பையும்

எலிக்கூடு கழுவுகிற வேலையில் முதலில் பழகவேண்டியது மணம் இல்லை, இருட்டின பிறகு கேட்கிற சத்தம். என்னைப்போல மூத்திரப்பை எரிவோடு மொன்றியல் குளிரில் திரிகிற சகோதரிகளே, மகள் நித்திரையான நேரம் பார்த்து உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பல் நெருமும் சத்தம்

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு ஆய்வுகூடத்தில்தான் வேலை. பனிக்காலம், பின்னேரமே இருட்டிவிடும். சேர்ந்த கிழமை, ஆளில்லாத அறைக்குள் 'கிறுக், கிறுக்' என்று கேட்டது. கன்னியர்மடத்தில் படித்த பழக்கத்தில் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டு ஓடினேன். நடுவில் தேவாரமும் கலந்துவிட்டது. என்னோடு கூடு கழுவுகிற யோகன் அண்ணை சிரித்தார்.

"பேயில்லைத் தங்கச்சி, எலி பல்லு நெருமுது. அதுகளுக்கு மூத்திரப்பை வீங்கி நோகுது. கஞ்சாச் செடியில இருந்து எடுத்த கன்னாபிடியோல் எண்டு ஒண்டைக் குடுத்துப் பாக்கினம். பயப்பிடாதையும், அது வெறிக்காதாம்."

"ஆக்களுக்கும் குடுப்பினமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"முதல்ல எலி தப்பட்டும்."

கடதாசிப் பொட்டு

கூட்டுக்கு அடியில் கடதாசி விரிப்போம். எலி எத்தனை தரம் 'போகுது' என்று பொட்டுகளை எண்ணுவார்கள். மருந்து கிடைத்த எலிகளின் கடதாசியில் பொட்டு குறையக் குறைய எனக்குப் பொறாமை. என்னை விட்டால் ஒரு கட்டுக் கடதாசி காணாது!

ஆனாலும் அந்த மருந்துப் போத்தலைத் தொடப் பயம். கஞ்சா என்றால் பொலிஸ். பொலிஸ் என்றால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். கையுறைக்கு மேல் கையுறை போட்டேன். யோகன் அண்ணை பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் தங்கச்சி, மணந்தாலே உள்ளுக்குப் போடுவாங்கள் எண்டு நினைச்சீரோ?"

செருமல்

எங்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஊர் வழக்கப்படி, வருகிறவர் வெளியே செருமுவார். உள்ளே இருக்கிறவர் பதிலுக்குச் செருமவேண்டும். யோகன் அண்ணைக்கும் எனக்கும் அது போதும். நான் போகிற போக்குக்கு நாள் முழுக்கச் செருமல்தான்.

மேற்பார்வை பார்க்கிற மதாம் மிஷெலுக்கு இது விளங்குமோ? செருமலை இருமல் என்று நினைத்து, இருமல்காரி விலங்குகளுக்குக் கிட்டப் போகக்கூடாது, நாளைக்கு வராதே என்றுவிட்டார். வேலை போனால் மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற கார்டெரியில் இடமும் போகும். புருஷனுக்கே முழுக்கச் சொல்லாத மூத்திரப்பை வருத்தத்தை, அழுதழுது, கன்னியர் படிப்பித்த இங்கிலீசில் சொல்லிமுடித்தேன். மதாம் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் அதே வருத்தம்தான். இந்த மருந்து எலியைத் தாண்டி மனிதருக்கு வந்தால், வரிசையில் எனக்குப் பின்னால் நில். நாளைக்கு வேலைக்கு வா."

மருந்து எங்களிடம் எப்போது வருமோ தெரியாது, ஆனால் மறுநாள் யோகன் அண்ணை கழிவறைக் கதவில் பூட்டித் தந்த புதுத் தாழ்ப்பாளை, ஒரு செருமலும் இல்லாமல், உள்ளேயிருந்து போட்டேன்.