நிலவில் கடலுக்குப் போன அப்பா

தலைமன்னாரில் ஒரு முன்பள்ளி ஆசிரியையைச் சந்தித்தேன். ஒல்லியான, உயரமான பெண். கதை வாசிப்பதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். அன்று கையில் இருந்தது என் புத்தகம், சிறுவருக்கு அதுவரை நான் எழுதிய ஒரே கதை. அப்பா இரவில் மீன்பிடிக்கப் போகிறார். படகில் ஒரு சில்வண்டு பாடுகிறது. முழுநிலா வழிகாட்டுகிறது.

நிலா வந்ததும் வகுப்பே எழுந்து கத்தியது.

"பொய், டீச்சர்! நிலவெண்டா அப்பா வீட்டில!"

நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடுமாம். அந்த நாட்களில் இங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியவனுக்கு இது தெரியவில்லை. பாடும் சில்வண்டை மட்டும் எவரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பாவை இருட்டில் அனுப்பி, திருத்திய பக்கத்தோடும் ஒட்டுவதற்குப் பசையோடும் போய் நின்றேன். ஆசிரியை வாசித்துப் பார்த்தார்.

"வடிவா இருக்கு, சேர். ஆனா ஒட்டாதேங்கோ."

"பழைய பக்கம் பிழையெல்லோ?"

"ஓம். அந்தப் பிழையைப் பிடிக்கத்தானே ஒவ்வொரு நாளும் இதையே வாசிக்கச் சொல்லுதுகள். இந்தப் புதுப் பக்கத்தில பிள்ளையளுக்கு ஒரு வேலையும் இல்லையே."

"அப்ப மிச்சக் கதை?"

"அதையும் இருந்து கேக்குதுகள், பாவங்கள்."

பசையோடு திரும்பினேன். பிறகு இன்னொரு கதை எழுதி, அதில் நானாகவே ஒரு பிழையை வைத்து அனுப்பினேன். 'வேணுமெண்டு விட்ட பிழை மாதிரிக் கிடக்கு, சேர்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். இயல்பாகப் பிழைவிட எவ்வளவோ முயன்றுகொண்டிருக்கிறேன், வருகுதில்லை.