ரெமியின் கிழங்கு மலை

மேற்கு ஃபிளாண்டர்ஸில் ரொட்டி வண்டி ஓட்டுகிறேன். என் பாதையில் கடைசி வீடு ரெமி டெவாலேயுடையது. பெல்ஜியத்தின் அந்த மூலையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, பேசியவர்கள்தான் குறைவு.

ஒரு காலத்தில் அவரும் அண்ணன் நோர்பெர்ட்டும் சேர்ந்து விவசாயம் பார்த்தார்கள். மாடு, கோதுமை, அவரை, கொஞ்சம் பீட்ரூட் என்று எல்லாமே சிறிய அளவில். பிறகு ஊருக்கு வெளியே உருளைக்கிழங்கை நறுக்கி உறைய வைத்து ஃப்ரைஸாக விற்கும் ஆலை வந்தது. மணிலாவிலும் சாவ் பாவ்லோவிலும் எண்ணெயில் விழும் கிழங்கு எங்கள் மண்ணில் விளையத் தொடங்கியது. ரெமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மாடுகள் போயின.

"மேய்ச்சல் நிலத்தையும் உழுதுட்டியா? மண்ணு எப்படா ஓய்வெடுக்கும்?" என்று கேட்டார் நோர்பெர்ட்.

"நீ ஓய்வெடு, போதும்" என்றார் ரெமி.

அதன்பினும் இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். பேச்சு மட்டும் சுருங்கிப்போனது. ஒரு குளிர்காலத்தில் நோர்பெர்ட் இதயம் நின்று இறந்தார். கிழங்கு நடுவதற்கும் தோண்டுவதற்கும் வாடகை இயந்திரங்கள் வந்தன. ஓட்டுபவர்கள் கண்ணாடிக் கூண்டைவிட்டு இறங்குவதே இல்லை. ரெமி ஜன்னல் வழியே கையசைப்பார். சில சமயம் அவர்களும் அசைப்பார்கள்.

கொரோனா கிருமி உலகத்தையே பூட்டிப்போட்ட வசந்தத்தில் ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. அன்று நான் ரொட்டியோடு வாசலில் நின்றிருந்தேன். ரெமி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். மிச்சக் கிழங்கை எங்களால எடுக்க முடியாது. வெளிநாட்டுல கடையெல்லாம் மூடிட்டாங்க."

"அங்க கடை மூடினா இங்க என் கொட்டகையில அழுகணுமாம்மா?"

"அப்படித்தான் சார் ஆகுது" என்றாள் அந்தப் பெண்.

கொட்டகைக்குள் கூரை தொடும் அளவுக்குக் கிழங்கு குவிந்திருந்தது. முளைவிடும் வாசனை வந்தது. ஆனால் அவர் சமையலறை அடுப்பில் வெந்துகொண்டிருந்ததோ எகிப்திலிருந்து வந்து கடையில் வாங்கிய கிழங்கு.

"என்ன ரெமி இது?"

"சிரிக்காத லீன். என்னுது பொரிக்கத்தான் லாயக்கு. வேகவெச்சா உடைஞ்சு சூப்பாயிடும்."

"அப்ப ரோட்டோரம் கொட்டி வைங்க. வேணுங்கிறவங்க அள்ளிட்டுப் போகட்டும். கடையில மாவுகூட இல்லாம ஜனங்க பயந்து கிடக்காங்க."

"சும்மா குடுத்தா, கிறுக்குன்னு சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?"

இரண்டொரு நாளில் கொட்டினார். கார்கள் வந்தன, சைக்கிள்கள் வந்தன. தள்ளித் தள்ளி நின்று வாளிகளில் அள்ளினார்கள். கடற்கரை நகரமான ஓஸ்டெண்டிலிருந்து வந்த ஒரு பெண், "இந்த மண்ணுலயே இவ்வளவு விளையுதா? நாங்க பாக்கெட்டுலதான் பாத்திருக்கோம்!" என்றாள். ரெமி அவளுக்கு வயலைச் சுற்றிக் காட்டினார். தினமும் முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். தொண்டை கட்டுமளவுக்கு அவர் பேசி நான் பார்த்தது அப்போதுதான்.

கிழங்கு மலை கரைந்தது. அடுத்த வாரம் யாரும் வரவில்லை. வந்தவர்களோடு பேச வாசலில் போட்டிருந்த நாற்காலியை அவர் உள்ளே எடுக்கவில்லை. மழையில் அது ஊறியது.

அந்த ஆண்டு ஆலைக்குப் பாதி நிலம்தான் என்று சொல்லிவிட்டார். மறு பாதியில் கோதுமை, அவரை, மண்ணுக்கு உரம் சேர்க்கும் குளோவர் செடி, வீட்டில் வேகவைக்கும் சின்னக் கிழங்கு.

"மிச்சப் பாதியில உனக்கு என்னய்யா மிஞ்சும்?" என்று சிரித்தார் வாடகை இயந்திரக்காரர்.

"சாப்பாடு மிஞ்சும்" என்றார் ரெமி.

சொன்னது போல் எளிதாக நடக்கவில்லை. பல வருடம் கனரக இயந்திரம் ஏறிய மண் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தது. தண்ணீர் இறங்காமல் தேங்க, முதல் வருட அவரை மஞ்சளாகிச் செத்தது. சனிக்கிழமைதோறும் கொட்டகையில் கடை போட்டார். "கண்டிப்பா வருவோம்" என்று கிழங்கு அள்ளும்போது சொல்லிப்போனவர்களில் நாலைந்து குடும்பம்தான் வந்தது. பல்பொருள் அங்காடியில் எல்லா நாட்டுக் காய்களும் மறுபடி நிறைந்திருந்தன. ஓஸ்டெண்டுக்காரி வரவேயில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த கூடையை மாலையில் என் வண்டியில் ஏற்றிவிட்டார்.

இருந்தும் அவர் விடவில்லை. கோதுமை தேறியது. பக்கத்து மாவு மில்காரர் அரைத்துத் தர, அந்த மாவில்தான் இப்போது எங்கள் கடையில் ஒரு வகை ரொட்டி சுடுகிறோம்.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் என் வண்டியைக் கை காட்டி நிறுத்தினார். கையில் ஒரு மண்கட்டி. ஜன்னல் வழியே நீட்டி உடைத்தார். உள்ளே மண்புழுக்கள் நெளிந்தன.

"பாரு லீன், மண்ணுக்கு உயிர் வந்துடுச்சு. காலையிலேருந்து கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன். ரோட்டுல ஒருத்தரும் வரல."

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். வெகுநேரம் பேசினோம், முழுக்க மண்ணைப் பற்றி. அப்புறம் ரொட்டியை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனார். பேச ஆளில்லாத அந்த வீட்டில் சமையலறை வானொலி மட்டும் சத்தமாகக் கேட்டது.